துருவை நம்பி வாங்காதீர்கள்

வார்ப்பிரும்பு பொம்மைக் கார் விலைக்கு வந்தால் பலரும் முதலில் தேடுவது துருவைத்தான். துரு இருந்தால் பழசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் நனைத்து வெளியே போட்டால் நேற்று வார்த்த இரும்பும் சில நாளில் துருப்பிடிக்கும். போலி செய்கிறவருக்கு இது தெரியாதா?

சேகரிப்பாளர்கள் தேடும் கார்களில் பெரும்பாலானவை இரு உலகப் போர்களுக்கும் இடையே அமெரிக்காவில் செய்யப்பட்டவை. இல்லினாய் மாநிலம் ஃப்ரீபோர்ட்டில் ஆர்கேட், பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஹப்ளி, ஒஹாயோவில் கென்டன் ஆகியவை பேர்போன நிறுவனங்கள். 1920களில் ஆர்கேட் வார்த்த மஞ்சள் டாக்சிக்கு இன்றும் கிராக்கி உண்டு. கிராக்கி இருக்கும் இடத்தில் நகலும் இருக்கும்.

நகலைக் காட்டிக்கொடுப்பது வார்ப்பு முறையே. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதை ஈடுகட்டவே ஃபவுண்டரியில், மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியான பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். நகலெடுப்பவர் பெரும்பாலும் பழைய பொம்மையையே பேட்டர்னாக மணலில் அழுத்துகிறார். அதனால் 200 மில்லிமீட்டர் கார் 198 ஆகிவிடுகிறது. அசலின் நீளம் தெரிந்திருந்தால், ஒரு வெர்னியர் காலிபர் போதும்.

அளவு கையில் இல்லாதவர்கள் காரைக் கவிழ்த்துப் பார்க்கலாம். அசலில் மணல் நைசாக இருந்ததால் உட்புறம்கூட வழவழப்பாக இருக்கும். நகலில் சொரசொரவென்று தட்டும். இடம், வலம் என்று தனித்தனியாக வார்த்த இரண்டு பாதிகளும் அசலில் நெருக்கமாகப் பொருந்தியிருக்கும். நகலில் நகம் நுழையும் இடைவெளி தெரியும். பாதிகளைச் சேர்க்கும் ரிவெட்டையும் கவனியுங்கள். அங்கே ஸ்டார் ஸ்குரூ இருந்தால் எச்சரிக்கை: அது சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். 'ரிப்பேரில் மாட்டியது' என்பார் விற்பவர். இருக்கலாம்; ஆனால் வார்ப்பும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

பெயிண்ட் தேய்ந்த இடமும் பேசும். குழந்தை விளையாடிய காரில் கூரை விளிம்பும் மட்கார்டும்தான் முதலில் வெளுக்கும். கை படாத பள்ளத்தில் பெயிண்ட் உரிந்து, மேடான இடத்தில் பளபளத்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

அசல் காரே கிடைத்தாலும் அதற்குப் புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். உரிந்துபோன அசல் பெயிண்டுக்குத்தான் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிறார். பளபளக்கும் புதுப் பூச்சு விலையை இறக்கிவிடும்.