எங்க வீட்டு ஏணியும் டெங்கு அக்காவும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அதை எறக்கி வச்சுட்டு அப்புறம் மொக்கை போடுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க மக்களே.

போன ஐப்பசியில ஒரு செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுட்டு வீட்ல இருந்தேன். பதினோரு மணி வாக்குல வாசல்ல "அம்மா, டெங்கு வந்திருக்கோம்மா"ன்னு ஒரு குரல். (எங்க அம்மாபேட்டை பக்கம் அப்படித்தான் சொல்வாங்க. டெங்குவே வந்து கதவைத் தட்டுற மாதிரி இருக்கும் :-)) கொசுப்புழு இருக்குதான்னு வீடு வீடா பாக்க வர்ற பெண்கள். டி.பி.சி. பணியாளர்னு கணக்குல பேரு, எங்க தெருவுக்கு டெங்கு அக்கா. கையில டார்ச், தோள்ல ஒரு பை, பைக்குள்ள அபேட் மருந்து பாட்டில், ஒரு நோட்டு, சேலைக்கு மேல ஒரு கோட்டு.

கீழ சம்ப் மூடியைத் தூக்கிப் பாத்தாங்க, பூந்தொட்டி பாத்தாங்க, மழையில நனைஞ்சு கெடந்த ஆட்டுக்கல் குழியைக் கூட விடல. அப்புறம் "மேல தொட்டி பாக்கணுங்ணா"ன்னாங்க. நான் லேப்டாப்புல இருந்து தலையைத் தூக்காம, "ஏணி அங்கியே கெடக்குது பாருங்க"ன்னேன். இந்த ஒரு வரிதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

அஞ்சு நிமிஷத்துல மேல தடால்னு சத்தம். ஓடிப் போய் பாத்தா ஏணி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். ஹெட்ரூம் சுவத்துக்கும் கைப்பிடிச் சுவத்துக்கும் நடுவுல, வலது கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் பதறிப்போய் "என்னாச்சுங்கக்கா"ன்னு கேக்க, அவங்க சொன்ன முதல் வார்த்தை: "புழு இருக்குதுங்ணா. மூடி ஒடஞ்சிருக்கு."

ரெண்டாவது வார்த்தை: "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்ணா."

மணிக்கட்டுல எலும்பு விரிசல். மாவுக்கட்டு, நாலு வாரம். வேலைக்கு வந்தாத்தான் அன்னன்னைக்குக் கூலின்னு அன்னைக்கு ஆட்டோவுல போறப்பதான் எனக்குத் தெரிஞ்சது. நாங்க ஆஸ்பத்திரிச் செலவும் அந்த நாலு வாரக் கூலியும் குடுத்தோம். அதை வாங்க அவங்க பட்ட சங்கடம் இருக்கே, அதை எழுத எனக்குத் தெம்பு இல்ல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் விழுந்தது அவங்க தப்பு. எங்க அம்மா மட்டும்தான் உள்ளதைச் சொன்னாங்க. "ஏன் சாமி, அந்த ஏணியில நீ ஏறுவியா?"

நான் ஏறமாட்டேன். அதான் விஷயம். வீடு கட்டி பெயிண்ட் அடிச்சப்ப பெயிண்டர் விட்டுட்டுப் போன மூங்கில் ஏணி அது. ஆறு வருஷமா வெயில்லயும் மழையிலயும் மொட்டை மாடியில கெடக்குது.

அன்னைக்கு சாயங்காலம் டேப்பை எடுத்துக்கிட்டு மேல போனேன். மாடித்தளத்துல இருந்து ஹெட்ரூம் தளம் ஒன்பது அடி. அதுக்கு மேல சின்டெக்ஸ் டேங்க். ஏணியும் ஒன்பது அடி, அதாவது தளத்தோட விளிம்பு வரைக்கும்தான் எட்டும். ஹெட்ரூம் சுவத்துக்கும் கைப்பிடிச் சுவத்துக்கும் நடுவுல ரெண்டடி கூட இல்ல. அதனால ஏணியை கிட்டத்தட்ட செங்குத்தாத்தான் நிறுத்தியாகணும். கீழ கூலிங் டைல்ஸ், டேங்க் வழிஞ்ச தண்ணியில பாசி பிடிச்சுப் போயிருக்கு.

ஏணிக்கு உலகம் பூரா ஒரு கணக்கு இருக்குங்க. நாலடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் அடிப்பக்கம் தள்ளியிருக்கணும். டேப்பு இல்லாமலே பாக்கலாம்: ஏணியோட கால்ல உங்க கால் விரல் முட்டுற மாதிரி நேரா நின்னுக்கிட்டு கையை முன்னால நீட்டுனா, தோள் உயரத்துல இருக்கிற கம்பு உள்ளங்கையில தட்டணும். தட்டலைன்னா படுத்திருக்குது, முழங்கை மடங்குச்சுன்னா செங்குத்தா நிக்குது. இன்னொண்ணு, ஏறி எறங்குற தளத்துக்கு மேல ஏணி மூணடி நீட்டிக்கிட்டு இருக்கணும். இது ஏன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. ஏறுறப்ப ஏணி குட்டையா இருந்தாலும் எப்படியோ தொத்திப் போயிடலாம். எறங்குறப்பதான் வினை. தளத்துல குப்புறத் திரும்பி, பிடிக்க ஒண்ணுமில்லாம, கண்ணுக்குத் தெரியாத முதல் கம்பைக் காலால துழாவணும். சேலை கட்டின காலால. ஒரு கையில டார்ச். அக்கா விழுந்தது சரியா அந்த இடத்துலதான். கால் பட்ட வேகத்துல ஏணியோட தலை சுவரோட வழுக்கிப் போயிருக்கு.

கைப்பிடிச் சுவர் இருக்குதேன்னு நினைப்பீங்க. நானும் நினைச்சேன். அது மூணடி. ஏணியில நாலாவது கம்புல நின்னாலே கைப்பிடிச் சுவர் உங்க பாதத்துக்குக் கீழ போயிடும். அதுக்கப்புறம் சாய்ஞ்சா அது தடுக்காது, தட்டிவிடும். அக்கா உள்பக்கம் சாய்ஞ்சாங்க. வெளிப்பக்கம் சாய்ஞ்சிருந்தா இருபத்தி மூணு அடி, கீழ சிமெண்ட் ரோடு. நடுவுல கரண்ட் சர்வீஸ் ஒயர் வேற போகுது.

எங்க வீடு மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. சேலம் டவுனுக்குள்ள எந்த மொட்டை மாடியில நின்னு வேணா சுத்திப் பாருங்க. அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை எல்லாம் சின்னச் சின்ன மனை, நெருக்கிக் கட்டின வீடு. படிக்கட்டு மூலையில வரும், ஹெட்ரூம் அதுக்கு மேல, டேங்க் அதுக்கும் மேல. கிரானைட் படி, எஸ்.எஸ். கைப்பிடி எல்லாம் மொட்டை மாடி வரைக்கும்தான். அதுக்கு மேல போறதுக்கு ஒண்ணும் கிடையாது.

இத்தனை டேங்க் எதுக்கு? மேட்டூர் அணை கட்டி முடிச்சது 1934ல. எங்க ஊர்ல இருந்து அம்பது கிலோமீட்டர். ஆனா குழாய்த் தண்ணி தினமும் வர்ற தெருவுல நான் குடியிருந்ததே இல்ல. வர்ற அன்னைக்குப் புடிச்சு வச்சாகணும். சம்ப், டிரம், குடம், டேங்க். ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை ஆகாது, இப்படிப் புடிச்சு வைக்கிற நல்ல தண்ணிதான் வேணும். முட்டை தண்ணி மட்டத்துக்குச் சித்தே மேல சுவத்துல ஒட்டியிருக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்குல சாகாது. தண்ணி ஏறினதும் பொரிக்கும், எட்டுப் பத்து நாள்ல கொசு. அதனாலதான் வாராவாரம் பாக்கணும்ங்கிறாங்க. ஒரு தரம் ஏறிப் பாத்துட்டு விடுற வேலை இல்ல இது. ஒரு நாளைக்கு இருபது வீட்டு டேங்க்னு வச்சாலும் மாசத்துக்கு ஐநூறு தரம் ஏறணும், ஐநூறு தரம் எறங்கணும். அதுவும் தன்னோட ஏணியில இல்ல. ஒவ்வொரு வீட்லயும் கெடக்குற ஏணியில.

2017 இந்த ஊர்க்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுல அரசுக் கணக்குப்படியே 23 ஆயிரத்துக்கு மேல டெங்கு, 65 சாவு. சேலம் மாவட்டம் ரொம்ப அடி வாங்குச்சு. பெரியாஸ்பத்திரியில கட்டில் பத்தல. அப்பத்தான் புழு இருந்த வீட்டுக்கும், கடைக்கும், கல்லூரிக்கும் நோட்டீஸ், அபராதம்னு ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. அபராதம்னு சொன்னப்புறம்தான் எங்க தெருவே டிரம்மைக் கவுத்துச்சு.

என் கேள்வி இதுதான். தொட்டியில புழு இருந்தா வீட்டுக்காரன் மேல நோட்டீஸ். தொட்டிக்குப் போற வழியே ஆளைக் கொல்ற மாதிரி இருந்தா? அதுக்கும் நோட்டீஸ் குடுக்கணும்ங்கிறேன். "தொட்டிக்குப் பாதுகாப்பா ஏற வழி இல்லை, ஏற முடியாது"ன்னு நோட்டுல எழுதிட்டு, வீட்டுக்காரன் கையெழுத்து வாங்கிட்டு, அடுத்த வீட்டுக்குப் போற உரிமை அந்த அக்காவுக்கு வேணும். ஏறலைன்னா அன்னைக்குக் கூலி வெட்டக் கூடாது. பதினஞ்சு நாள்ல வழி பண்ணலைன்னா புழுவுக்குப் போடுற அதே அபராதம் எனக்கு விழணும். ஆமா, எனக்குத்தான் சொல்றேன்.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவுல வீடு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஹோம் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு வீட்டைப் பாக்கச் சொல்வாங்க. இன்டர்நாச்சின்னு அவங்களுக்கு ஒரு பெரிய சங்கம். அதோட விதிமுறையிலயே கூரை மேல நடந்து பாக்கணும்ங்கிற கட்டாயம் இல்லைன்னு எழுதி வச்சிருக்காங்க. அவரு கையில சொந்த ஏணி, வண்டியில அதுக்கு ஸ்டாண்டு. அவரு ஏறலைன்னா ரிப்போர்ட்ல ஒரு வரி, அவ்வளவுதான். நம்ம நாட்டுலயும் ஏணிக்குன்னே ஐ.எஸ். 3696, இரண்டாம் பாகம்னு 1991லயே பாதுகாப்பு விதி போட்டாச்சு. எந்த மொட்டை மாடியில அது இருக்குன்னுதான் தேடணும்.

அமெரிக்கா வரைக்கும் எதுக்கு, பரமத்தி வேலூர் போங்க. தேங்கா போட வர்றவரு மரத்தடியில நின்னு ஒரு தரம் அண்ணாந்து பாப்பாரு. "இந்த மரம் ஆகாதுங்க"ன்னுட்டு அடுத்த மரத்துக்குப் போயிடுவாரு. தோட்டத்துக்காரர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மறுபேச்சு கிடையாது. மரம் ஏறுறவரு சொல்லுக்கு அந்த மரியாதை இருக்கு. எங்க மாடியில அக்கா ஏணியைப் பாத்து "இது ஆகாதுங்ணா"ன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? "போன தரம் வந்தவங்க ஏறுனாங்களே"ன்னு சொல்லியிருப்பேன். நிச்சயமா.

நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப, "அவங்களை எதுக்கு ஏத்துறே, நீயே வாரம் ஒரு தரம் ஏறிப் பாத்துக்க"ன்னாரு. பாதி நியாயம். ஆனா எங்க தெருவுல பாதி வீட்டுல வயசானவங்க மட்டும்தான், பசங்க எல்லாம் பெங்களூரு, சென்னை. எங்க அம்மாவுக்கு 71. அவங்களை அந்த ஏணியில ஏறச் சொல்றதா? அதோட, நானே ஏறினாலும் அதே ஏணி, அதே பாசி. செல்போனைக் குச்சியில கட்டி எட்டிப் பாக்கலாம்னு இன்னொரு யோசனை சொன்னாரு. மூடியைத் தொறக்கறது யாரு? ஒடஞ்ச மூடியை மாத்தறது யாரு?

சரி, நான் என்ன பண்ணேன்னு கேப்பீங்கல்ல. என் மச்சினன் நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில வெல்டர். அவனுக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து மேல பாத்தவன், சிரிக்கல, திட்டவும் இல்ல. "ஏன் மாமா, ஒரு டேங்கர் லாரி எங்க பட்டறையை விட்டு வெளிய போகணும்னா பின்னால ஏணி, மேல நிக்க இடம், பிடிக்க கம்பி, எல்லாம் வச்சுத்தான் அனுப்புறோம். இத்தனைக்கும் லாரி உயரம் உங்க வீட்டுல பாதி"ன்னான். ஏன் வீட்டுக்கு மட்டும் யாரும் வைக்கிறதில்லன்னு கேட்டேன். "லாரி ஏணி ஆட்டம் குடுத்தா டிரைவர் அடுத்த ட்ரிப்ல வந்து சட்டையைப் புடிப்பான். வீட்டு ஏணிக்கு எவன் வந்து புடிக்கப் போறான்?"

கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமா, மாடியோட உள்பக்கம் பாத்த மாதிரி ஏணியை வச்சான். சாய்வா, அகலமான படி, படிக்கு மேல சொரசொரப்புத் தகடு, ரெண்டு பக்கமும் கைப்பிடி. அந்தக் கைப்பிடி ஹெட்ரூம் தளத்துக்கு மேல மூணடி வரைக்கும் போகுது. தளத்தைச் சுத்தி இடுப்பளவு கம்பி. அடியில நட்டு போட்டு சுவத்தோட இறுக்கியாச்சு. இரும்பு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து பதினாலாயிரம் (மச்சினன் கூலி வாங்கல, கோழி பிரியாணியோட சரி). எங்க வீட்டு வாசக்கதவுக்கு நான் குடுத்தது அதைவிட மூணு மடங்கு. மூங்கில் ஏணியை ஒடச்சு அம்மா வெந்நி அடுப்புக்கு வச்சுட்டாங்க.

கார்த்திகை கடைசியில அக்கா திரும்ப வந்தாங்க. கட்டுப் பிரிச்சிருந்தாங்க, ஆனா டார்ச்சை இடது கையில புடிச்சிருந்தாங்க. இந்த தடவை நானும் மேல போனேன். புது ஏணியைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. கம்பியை ஒரு தரம் ஆட்டிப் பாத்தாங்க. ஏறுனாங்க, மூடியைத் தொறந்து டார்ச் அடிச்சாங்க, மூடுனாங்க, எறங்குனாங்க. நோட்டுல எழுதுனாங்க. நான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிறேன்.

"தொட்டி சுத்தமா இருக்குதுங்ணா. கீழ பிரிட்ஜுக்குப் பின்னாடி டிரேல தண்ணி நிக்குது. புழு வச்சிருக்கு, அதை ஊத்திருங்க."