கடிதம் போனது, சேர வேண்டியவர்களுக்குச் சேரவில்லை!

1999-ம் ஆண்டு மே மாதம். கார்கில் மலை உச்சியில் அன்னியர்கள் நடமாடுகிறார்கள் என்ற செய்தியை ராணுவத்துக்கு முதலில் சொன்னது யார் தெரியுமா? கால்நடை மேய்க்கிறவர்கள்!

ஐ.பி. இருந்தது. "ரா" இருந்தது. ராணுவ உளவுப் பிரிவும் இருந்தது. இத்தனை இருந்தும், எதிரி சிகரத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டெல்லிக்கு உறைத்தது. அந்தச் சிகரங்களை மீட்க 527 வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

அப்படியானால் உளவுத்துறை ஒரேயடியாகத் தூங்கிவிட்டதா? அதுவும் இல்லை.

போர் முடிந்ததும் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அதற்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். கமிட்டியின் அறிக்கையில் ஒரு விஷயம் வருகிறது. படித்தால் வயிறு எரியும்.

1998-ம் ஆண்டு ஜூன் 2-ந்தேதி, அதாவது போருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே, எல்லைக்கு அப்பால் நடப்பது பற்றி ஐ.பி. டைரக்டர் தாமே கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார். பிரதமருக்குப் போனது. உள்துறை மந்திரிக்குப் போனது. பெரிய அதிகாரிகளுக்கும் போனது. ஆனால் "ரா" தலைவருக்கும், கூட்டு உளவுக் கமிட்டித் தலைவருக்கும், ராணுவ உளவுத் தலைவருக்கும் அது அனுப்பப்படவே இல்லை! துண்டு துண்டாக வரும் தகவல்களை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியவர்களே இந்த மூன்று பேர்தான்.

சரக்கு வந்த விவரம் முதலாளிக்குத் தெரியும். கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது என்றால் கடை என்ன ஆகும்? அதே கதைதான்.

நல்ல உளவு என்ன செய்யும் என்பதையும் அதே போரில் பார்த்தோம். பாகிஸ்தான் தளபதி முஷாரப் பீஜிங்கில் இருந்தபடி தன் சகாவோடு டெலிபோனில் பேசினார். அந்தப் பேச்சை இந்தியா பிடித்தது. 1999 ஜூனில் அதை உலகத்துக்கே போட்டுக் காட்டியது. "வந்தவர்கள் போராளிகள், எங்கள் பட்டாளம் இல்லை" என்ற பாகிஸ்தானின் சாக்கு அதோடு சந்தி சிரித்தது.

எதிரியின் ஒற்றனைப் பிடிப்பதும் இதே வேலையின் இன்னொரு பாதி. அதிலும் ஓட்டை! 2004-ல் "ரா" உயர் அதிகாரி ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. கண்காணிப்பும் நடந்தது. அப்படியும் அவர் நேபாளம் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். காவல்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கள்வன் வாசல் வழியாகப் போன மாதிரி!

கார்கிலுக்குப் பிறகு புதுப்புது அமைப்புகள் வந்தன. ஆனாலும் 2008 நவம்பர் 26-ல் மும்பை பற்றி எரிந்தது. 166 பேர் செத்தார்கள். தாஜ் ஓட்டலுக்கு ஆபத்து என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

உளவு சொல்கிறவர் ஒருவர். முடிவு எடுக்கிறவர் வேறு ஒருவர். நடுவில் தகவல் சிக்கிக்கொண்டால் கேள்வி கேட்க ஆள் வேண்டாமா? அமெரிக்காவில் உளவுத்துறையை விசாரிக்கப் பார்லிமெண்டுக்குச் சமமான காங்கிரசில் கமிட்டி உண்டு. பிரிட்டனிலும் உண்டு. இங்கே ஐ.பி.க்கும் "ரா"வுக்கும் தனிச் சட்டம்கூடக் கிடையாது.

ரகசியம் வேண்டியதுதான். யாருக்கு, எப்போது தகவல் போனது என்று எம்.பி.க்கள் சிலராவது கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாமே! அதனால் எந்த ரகசியமும் தெருவுக்கு வந்துவிடாது. தவறு செய்தவர் தப்பிக்கவும் முடியாது.

பைலில் தூங்கும் எச்சரிக்கை எந்த வீரனையும் காப்பாற்றாது. இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர இன்னும் எத்தனை கார்கில் வேண்டும்?