‘விடலாம்’ என்பதும் ‘விடல் வேண்டும்’ என்பதும்

செங்கோட்டைக் குண்டாற்று அணையின் கீழ் வயலுடைய உழவனுக்கு, “இக் கிழமை நீர் விடலாம்” என அறிவிப்பு வருவதாகக் கொள்வோம். அவன் நாற்றுப் பாவான். “நீர் விடல் வேண்டும்” என அரசாணை இருப்பின் துணிந்து பாவுவான். விடலாம் என்பதனுள் விடாமலும் இருக்கலாம் என்பது ஒளிந்து கிடப்பதை எழுத்தறியாதவனும் அறிவான். நாடாளுமன்றத்தில் 1963இல் எழுந்த பூசலும் இதுவே.

ஆங்கிலத்தில் ‘மே’, ‘சால்’ எனத் துணைவினைகள் இரண்டுள. (பின்னதை நம் ‘சால’ என்னும் உரிச்சொல்லொடு மயங்கற்க.) இரண்டும் தலைமை வினைக்கு முன் நிற்பன, பால், எண் வேறுபாட்டால் திரியாதன. பொருளிலோ, சட்ட நடையில் முன்னது இசைவு, பின்னது கட்டளை. செய்யல் ஆம் எனப் பிரியும் ‘செய்யலாம்’ முன்னதற்கும், ‘செய்தல் வேண்டும்’ பின்னதற்கும் நேர்.

அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, இந்தியே நடுவணாட்சி மொழி என்னுமிடத்துச் ‘சால்’ இட்டது. ஆங்கிலம் பதினைந்தாண்டு தொடரும் என்னுமிடத்தும் அதனையே இட்டது. அவ் வரம்பு 1965 சனவரி 26இல் முடியவிருந்தது. அதன் பின்னும் ஆங்கிலம் தொடர்தற்கென்று 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவோ, ‘மே’ என்றது! இந்திக்குக் கட்டளை, ஆங்கிலத்திற்கு வெறும் இசைவு.

மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா இச் சொல்லை மாற்றக் கேட்டார். ‘மே’ என்பதற்கும் ‘சால்’ என்பதே பொருள் என்றார் தலைமையமைச்சர் நேரு. முறைமன்றங்கள் சிலபோது அவ்வாறு பொருள் கொள்வதும் உண்டுதான். ஆயின், இரண்டும் ஒன்றேயெனின் மாற்றுதற்கு ஏன் மறுத்தல் வேண்டும்? நேரு 1964இல் மறைந்தார். சட்டத்தில் நின்றது அவர் தந்த விளக்கமன்று. ‘மே’ என்னும் சொல்லே. 1965இல் மாணவர் தெருவில் இறங்கினர், உயிர்கள் வீழ்ந்தன. பின்னரே, 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏலாத மாநிலங்களோடு நடுவணரசு கொள்ளும் மடற்போக்குவரத்திற்கு ஆங்கிலம் ‘சால்’ பெற்றது.

தனித்தமிழன்பர்க்கு ஆங்கிலத் துணைவினையில் என்ன வேலை என வினவுவாருளர். ஆங்கிலம் நமக்கு வேலி, பயிரன்று. ஆனால் பயிரைப் பற்றியும் அச் சட்டம் பேசுகிறது. அதன் ஏழாம் பிரிவு, உயர்முறைமன்றத் தீர்ப்புகளில் இந்தியையோ மாநில ஆட்சிமொழியையோ, குடியரசுத் தலைவர் முன்னிசைவுடன், ஆளுநர் இசையலாம் என்கிறது. அங்கும் ‘மே’! இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கின் உயர்முறைமன்றங்களில் இந்தி ஏறியுள்ளது. தமிழுக்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது, இசைவு வரவில்லை. ஒரே சொல், இந்திக்கு ‘ஆம்’ என்றும் தமிழுக்கு ‘ஆகாது’ என்றும் பொருள்படுகிறது.

1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் மலையாளத் தாள்களோடு மல்லாடிய ஊர் செங்கோட்டை. இன்று அவ்வூரான் தன் காணி வழக்கை மதுரைக் கிளை வரை கொண்டு சென்றால், வென்றானா தோற்றானா என்பதை வழக்கறிஞர் வாய்வழியே கேட்டறிகிறான்.