மளிகைக் கடையில் கைபேசியின் துணை

வீட்டிற்கு வேண்டிய மளிகைச் சாமான்களைத் தேர்ந்தெடுப்பது சிறு காரியமாகத் தோன்றலாம். எனினும் குடும்பத்தின் ஆரோக்கியம் பெரிதும் அதனைப் பொறுத்தே அமைகிறது. உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்கள் பொட்டலங்களாகச் சிற்றூர்க் கடைகளையும் எட்டிவிட்ட இக்காலத்தில், சீர்தூக்கி வாங்குவதற்குக் கைபேசி துணைபுரியுமா என்பது ஆராயத்தக்கது.

பிரான்சு நாட்டில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்னும் பொதுத் தகவல் தொகுப்பு இதற்குத் தக்க உதாரணமாகும். பொட்டலத்தின் மீதுள்ள 'பார்கோடு' என்னும் கோட்டுக் குறியைக் கைபேசி படித்தவுடன், தொகுப்பில் அப்பண்டம் இடம் பெற்றிருப்பின், அதன் சத்து விவரங்கள் திரையில் தோன்றும். இந்தியாவில், ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உணவின் சத்துக்களைக் கணக்கிட்டறிவதற்கென 2019-இல் 'நியூட்ரிஃபை இந்தியா நௌ' என்னும் செயலியை வெளியிட்டது.

இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் கருவி ஒன்றே போதுமானதன்று. முதலாவதாக, பொட்டல விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாற் போதும் என்பதே விதி. ஆகவே தாய்மொழி மட்டும் அறிந்தவர்க்கு அவை பயன்படுவதில்லை. கைபேசி அவரவர் மொழியில் பேசினாலன்றி இக்குறை நீங்காது. இரண்டாவதாக, சந்தையில் விற்கும் கீரைக்கும், அளந்து தரும் கேழ்வரகிற்கும் கோட்டுக் குறி கிடையாது. இரண்டு பொட்டலங்களில் தீமை குறைந்ததைக் காட்டும் கருவி, பொட்டலமே வேண்டாம் என்று கூறுவதில்லை. மூன்றாவதாக, விற்பவரே ஆலோசகராகவும் அமையும் செயலியில் எவர் நலன் முந்தும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே இத்தகைய ஆலோசனை பொது நிறுவனங்களின் பொறுப்பில் இருத்தலே முறை.

இங்கேதான் கள ஊழியரும் ஆசிரியரும் இன்றியமையாதவர் ஆகின்றனர். வயது வந்தவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பொட்டலத்திலோ 'சோடியம்' இத்தனை மில்லிகிராம் என்றே குறிக்கப்படுகிறது. அதனை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு பண்டத்தின் 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் இருப்பின், அது 2 கிராம் உப்பிற்குச் சமம். அதாவது ஒரு நாள் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு வெற்றுப் பொட்டலமும் கரும்பலகையும் இருந்தால் இக்கணக்கை எந்தப் பள்ளியிலும் கற்பிக்கலாம்.

இக்கணக்கை அறிந்தவர் கையில் கைபேசி நல்ல துணையாகும். அறியாதவர்க்கு அது மற்றொரு விளம்பரப் பலகையாகவே முடியும்.