காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை

பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சிரம்பான் லோபாக்கில் முதல் பிள்ளையை ஏற்றினால், ஏழேகாலுக்குள் பதின்மூன்று பேரையும் பள்ளி வாசலில் இறக்கிவிட வேண்டும். மத்தியானம் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். என்றைக்கும் அதே சாலை, அதே திருப்பம். பள்ளி வாசலில் வேன்களும் பேருந்துகளும் இஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கும். அந்தப் புகைக்குள்தான் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முதுகு வளையப் பையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். மின்சார வண்டியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் பேச்சு அங்கே போவதே இல்லை. தீபாவளிக்குப் பினாங்கு போய்வர ஒரு சார்ஜ் போதுமா, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எவ்வளவு நேரம் காத்துக் கிடப்பது என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை போகிற பயணத்தை வைத்து, அன்றாடம் ஓடுகிற ஓட்டத்தை அளக்கிறோம். என் வேன் பினாங்குக்குப் போவதில்லை. சிரம்பானைத் தாண்டுவதே அபூர்வம்.

ஒரு நாள் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 220 லிட்டர் பெட்ரோல். பூடி 95 மானியத் திட்டத்தில் அப்போது லிட்டர் 1.99 வெள்ளி, ஆக 438 வெள்ளி. அதே ஓட்டத்துக்கு மின்சார வேன் ஒன்றுக்கு 500 யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் யூனிட் ஏறத்தாழ 45 சென், ஆக 225 வெள்ளி. பாதிதான். ஆனால் நான் குடியிருப்பது மூன்றாவது மாடி. கீழே நிற்கும் வேனுக்கு வீட்டிலிருந்து வயர் இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. வெளியே விரைவு சார்ஜரில் யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல். 1.20 என்று வைத்தாலே 600 வெள்ளி. ஒரே வண்டி, ஒரே ஓட்டம். போர்ச் உள்ள வீட்டுக்காரருக்குப் பாதிச் செலவு, மாடி வீட்டுக்காரிக்குப் பெட்ரோலைவிடக் கூடுதல்.

இது எனக்குப் பழகிய கதை. நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டினார். மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும், பத்து மணிக்கு லயம் இருண்டுவிடும். மேட்டில் துரை பங்களாவில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த எனக்கு, கரண்டு எந்த வாசல்வரை வருகிறது என்பது சின்னக் கேள்வி இல்லை.

அரசாங்கம் 2022 முதல் 2025 டிசம்பர் 31 வரை, முழுதாக இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு வரியை விட்டுக்கொடுத்தது. ஒரு இலட்சம் வெள்ளிக்குக் கீழே அப்படிப்பட்ட காரை விற்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. உள்நாட்டுத் தயாரிப்பைக் காப்பாற்றத்தான் அந்த விதி, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சலுகை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கும், வருமான வரம்புக்கு உட்பட்டவருக்குக் கிடைத்தது 2,400 வெள்ளி வரையிலான கழிவு. 2025 இறுதியில் பெரோடுவாவின் கியூவி-ஈ மின்சாரக் கார் 80,000 வெள்ளிக்கு வந்தது, பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை தனி. நல்லதுதான். அதில் பதின்மூன்று பிள்ளைகளை ஏற்ற முடியாது.

புகை முழுதாக ஒழிந்துவிடும் என்று சொல்பவர்களையும் நான் நம்பவில்லை. நம் நெகிரி செம்பிலானிலேயே பார்க்கலாம். போர்ட்டிக்சனில் 1960களிலிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. அதே மாவட்டத்தில் ஜிமாவில் நிலக்கரி மின்நிலையங்கள் இருக்கின்றன: முதலாவது 1,400 மெகாவாட், 2019-இல் வந்த இரண்டாவது 2,000 மெகாவாட். நாட்டுக்குள் வரும் நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. தீபகற்ப மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. என் 500 யூனிட்டுக்கு 380 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, ஆக மாதம் 500 கிலோ. கால் பங்குதான் குறைகிறது. பேட்டரி செய்யும்போது வெளியேறும் கரியமில வாயுவைச் சேர்த்தால் அதுவும் சுருங்கும். பள்ளி வாசலில் புகை இருக்காது, அது பெரிய லாபம். ஆனால் அதில் ஒரு பகுதி ஜிமாக் கரைக்கு இடம் மாறியிருக்கும். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களைப் பற்றியும் ஒரு சொல். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை ஒன்று கதிரியக்கக் கழிவை விட்டுச்சென்றது. ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 1994-இல் அது மூடப்பட்டது. அதை மறந்துவிட்டு எந்தத் தொழிலையும் பச்சை என்று நான் சொல்லமாட்டேன்.

நிலக்கரியை 2044-க்குள் கைவிடுவதாக அரசாங்கம் சொல்கிறது. இன்றைக்கு என் வேனில் முன் சீட்டில் உட்காரும் ஏழு வயதுப் பெண்ணுக்கு அப்போது 25 வயது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, வெயில் நன்றாக அடிக்கும் நான்கு மணி நேரம், சிரம்பானில் எத்தனையோ பள்ளி வேன்கள் சும்மாதான் நிற்கின்றன. சாதாரண 7 கிலோவாட் சார்ஜரில் அந்த நேரத்தில் 28 யூனிட் ஏறும். ஒரு நாளைக்கு எனக்கு வேண்டியது 23. பள்ளிக் கூரை முழுக்க வெயில் காய்கிறது. அதன்மேல் சூரியத் தகடும் கீழே நாலு பிளக்கும் வைக்க, மாநகர் மன்றமும் கல்வி அமைச்சும் பள்ளி வாரியமும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். வேன் வாங்க நீண்ட காலக் கடனும், மாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் வீட்டு விலைக்கே மின்சாரமும் வேண்டும். இறக்குமதிக் கார்களுக்கு விட்டுக்கொடுத்த வரியோடு ஒப்பிட்டால் நான் கேட்பது கொஞ்சம்தான்.

நாளைக்கும் எட்டு மணிக்குப் பள்ளி வேலியோரம் அந்த மழைமரத்தடியில்தான் என் வேன் நிற்கும். அந்த மேசையில் உட்கார வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும். பிளக் எங்கே வைக்கலாம் என்று நானே காட்டுகிறேன்.