முந்நூறு தட்டுகள் போதும்

மாதுங்காவின் ஷண்முகானந்தா அரங்கம் என்றால் தமிழர்களுக்குக் கர்நாடகக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். 1952இல் தொடங்கிய சபை, 1963இல் அரங்கைத் திறந்தது. 1990இல் தீக்கிரையான அரங்கம் 1998இல் மீண்டும் எழுந்தது. அதே மேடையில் 1970, 71ஆம் ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனியின் செலவில் ராக் இசைப் போட்டி நடந்தது என்று சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடும் மாமாக்கள் பலர் நம்பமாட்டார்கள்.

‘சிம்லா’ என்பது இம்பீரியல் டொபாக்கோ விற்ற சிகரெட். அதன் விளம்பரத்துக்காக நடந்ததுதான் ‘சிம்லா பீட்’ போட்டி. சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குழுக்கள் இதில் இடம்பெற்றன. ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு எல்பி தட்டுகளும் வெளியாயின. கம்பெனிக்குச் சிகரெட் விற்க வேண்டும், அவ்வளவுதான். வரலாறு எழுதும் எண்ணமெல்லாம் அதற்கு இருந்திருக்காது. ஆனால், அன்றைய இந்திய ராக் எப்படி ஒலித்தது என்று கேட்பவர்களுக்குக் கையில் எடுத்துக் கொடுக்க இன்று மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை அந்த இரண்டு தட்டுகள்தான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைந்து, பிறகு அங்கேயே மறுபதிப்பும் செய்தார்கள்.

சரண்ஜித் சிங்கின் கதை இன்னும் விசித்திரமானது. இந்தித் திரையிசையில் பெயர் வெளியே தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்த மும்பைக் கலைஞர் அவர். சிங்கப்பூரில் வாங்கிவந்த ரோலண்ட் கருவிகளை வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். 1982இல் எச்எம்வி அதை வெளியிட்டது. விற்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லிக் கடை ஒன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் தன் ‘பாம்பே கனெக்‌ஷன்’ லேபிளில் மறுபடி வெளியிட்டார். 1987இல் சிகாகோவில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘ஆசிட் ஹவுஸ்’ இசையின் சாயல், ஐந்து ஆண்டுகள் முன்பே மும்பையில் கேட்டிருக்கிறது என்று உலகம் வியந்தது. எழுபது வயதை ஒட்டி சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015இல் மறைந்தார். டெல்லிக் கடையில் அந்த ஒரு பிரதி இல்லாமல் போயிருந்தால், இந்தப் பத்தியே இல்லை.

‘லிமிடெட் எடிஷன்’ இசைத்தட்டு என்றதும் பலரும் முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. நூறோ முந்நூறோ மட்டும் அச்சிட்டு, வண்ணக் கலவை தெளித்து, அட்டையில் எண் போட்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் வணிகம் அது. வாங்கியவர்களில் சிலர் உறையைப் பிரிக்காமலே மூன்று மடங்கு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். செயற்கைப் பஞ்சத்தை உண்டாக்கும் வேலை இது என்று சொன்னால் மறுப்பதற்கில்லை.

ஆனால், எண்ணிக்கை சிறியதாக இருப்பதற்கு ஆலையின் கணக்கும் ஒரு காரணம். முதலில் லேக்கர் தட்டில் பள்ளம் வெட்ட வேண்டும். அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும். நூறு தட்டு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். நூறுக்குக் கீழே போனால் ஒரு தட்டின் அடக்கவிலை எகிறும். ஆயிரத்துக்கு மேலே போனால் சிறு லேபிளின் பணம் கிடங்கில் தூங்கும். நடுவில் கட்டுப்படியாகும் இடம்தான் முந்நூறு, ஐந்நூறு. இந்தியாவில் பல பத்தாண்டுகளாக ஆலையே இல்லாததால், அதையும் வெளிநாட்டில் அடித்துக் கப்பல் கூலியும் சுங்கமும் கட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. டெல்லியின் அமரஸ் ரெக்கார்ட்ஸ், ராஜஸ்தான் நாட்டுப்புறக் கலைஞர்களின் இசையை ஒவ்வொரு தட்டாகக் கையால் வெட்டிக் கொடுத்ததும் இந்த நெருக்கடியில்தான். 2024இல் மும்பைப் பகுதியிலேயே ஒரு புதிய ஆலை இயங்கத் தொடங்கியிருக்கிறது. இனி அந்தச் சாக்கு கொஞ்சம் குறையும்.

மும்பையில் தட்டு வெளியிடும் அண்டர்கிரவுண்ட் லேபிளே இல்லையா என்றால், இருக்கிறது. ‘டிரான்ஸெண்டிங் அப்ஸ்க்யூரிட்டி’ என்ற மெட்டல் லேபிளுக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. இன்று பெரிய பெயராகிவிட்ட போர்ச்சுகலின் கேரியா குழுவின் முதல் ஆல்பத்தை 2018இல் வெளியிட்டது இந்த மும்பை லேபிள்தான். நல்ல சாதனை. ஆனால், படத்தை முழுதாகப் பாருங்கள்: நம் பழைய இசையை ஐரோப்பிய லேபிள்கள் தட்டாக்குகின்றன, ஐரோப்பாவின் புதிய இசையை மும்பை லேபிள் தட்டாக்குகிறது. மாதுங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தாராவியின் இசை, இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கே?

தாராவியின் ராப் பெரும்பாலும் யூடியூபில் இருக்கிறது. தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து பாடும் டோப்படெலிக்ஸ் குழுவைத் தமிழ்நாடு அறிந்தது 2018இல், பா.ரஞ்சித்தின் ‘காலா’ வழியாக. செவன் பன்டைஸ் இன்னொரு பன்மொழிக் குழு. எம்.சி. அல்தாஃப் தன் பகுதியின் அஞ்சல் குறியீட்டு எண்ணையே ‘கோட் மும்பை 17’ என்று பாட்டாக்கினார். 2019இல் மும்பை ராப் பற்றிய ‘கல்லி பாய்’ இந்திப் படம் வந்தபோது பெரிய இசை நிறுவனங்கள் ஓடிவந்தன. படத்தின் சூடு தணிந்ததும் வேகமும் தணிந்தது. வீடியோக்கள் மிச்சம். ஒரு காப்புரிமைப் புகார், மறந்துபோன ஒரு கடவுச்சொல், சேனலை நடத்திய நண்பனோடு ஒரு சண்டை, இதில் எது நடந்தாலும் பாட்டு காணாமல் போகும். 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது தாராவிச் சந்துகளில் எடுத்த எத்தனையோ ஆட்டமும் பாட்டும் ஒரே நாளில் கண்ணுக்கு மறைந்தன.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: தட்டின் பின்னட்டை. யார் எழுதியது, யார் பீட் போட்டது, எந்த ஸ்டூடியோ, யார் கோரஸ் என்றெல்லாம் எல்பியின் அட்டையில் அச்சிடும் வழக்கம் இருந்தது. செல்போன் திரையில் பாடகர் பெயருக்குப் பின்னால் இருப்பவர்கள் எளிதில் கரைந்துவிடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் கம்ப்யூட்டரை வைத்து பீட் செய்யும் பையனுக்கு, அட்டையில் அச்சான தன் பெயர் நாளைக்கு ஒரு பங்குத்தொகை கேட்கும்போது சாட்சியாகவும் நிற்கும்.

இரண்டாயிரம் ரூபாய்த் தட்டைத் தாராவியில் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். வாங்கமாட்டார்கள், கேட்பதற்கு பிளேயரும் இருக்காது. மாஹிமின் ரிவால்வர் கிளப் கடைக்கு வருகிறவரோ டோக்கியோவில் இருப்பவரோ வாங்கட்டும். அவர்கள் தரும் விலையில் சில பிரதிகள் பொது இடத்தில் சேர வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

புத்தகத்துக்கு அந்த வழி உண்டு. 1954ஆம் ஆண்டு சட்டப்படி, பதிப்பாளர் தன் செலவில் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பின்னர் நாளிதழ், வார இதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஒலிப்பதிவுகள் மட்டும் சேரவே இல்லை. உலகத்தில் அதிகமாகப் பாட்டுக் கேட்கும் நாடுகளில் ஒன்று, தன் பாட்டுகளைச் சேர்த்துவைக்கச் சட்டம் போடவில்லை. பிரான்ஸ் 1938லேயே இதைச் செய்துவிட்டது.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. முந்நூறில் ஐந்து பிரதியை எடுத்துவைத்தால் எந்த லேபிளும் நொடித்துவிடாது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கிராமபோன் தட்டுகளின் சேகரிப்பே இருக்கிறது; மத்திய நூலகம் மும்பையிலேயே இருக்கிறது. அவசரத்துக்குக் காரணம் வேறு. தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. யார் தாராவிக்குள் தங்குவார்கள், யார் வெளியே போவார்கள் என்ற வாக்குவாதம் ஓயவில்லை. தாராவிப் பாட்டுகளின் மூலப்பதிவுகள் இன்னும் அந்தச் சந்துகளின் லேப்டாப்புகளிலும் ஹார்ட் டிஸ்க்குகளிலும்தான் இருக்கின்றன. வீடு மாறுவதற்கு முன் ஒரு லேபிள்காரர் போய்க் கதவைத் தட்டலாம்.