புதுக் கேமுக்குப் பழைய டாப்பெட் ஆகாது

கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோன பழைய வண்டிக்குச் செலவுக் கணக்குப் போடும்போது பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது: கேமை மட்டும் மாற்றினால் போதும், டாப்பெட் கெட்டி இரும்பு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதையே போட்டு ஓட்டலாம். வண்டிக்காரரின் பணத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில் சொல்வதுதான் இது. ஆனால் அம்பாஸடரின் 1489 சிசி புஷ் ராட் இன்ஜின் போன்றவற்றில், காசு கொடுத்து வாங்கிய புதுக் கேமைச் சீக்கிரமே பாழாக்கும் வழியும் இதுவே.

‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தட்டை டாப்பெட் என்று சொன்னாலும் பெரும்பாலான இன்ஜின்களில் அதன் அடிப்பக்கம் தட்டையானதல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் உப்பியிருக்கும். அதோடு உரசும் கேமின் லோப்பும் ஒரு பக்கமாக இம்மியளவு சரித்துச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். இந்த உப்பலும் சரிவும் சேர்வதால்தான் லோப் தள்ளும் ஒவ்வொரு முறையும் டாப்பெட் தன் குழிக்குள் கொஞ்சம் சுழல்கிறது. தேய்மானமும் ஒரே கோட்டில் விழாமல் பரவுகிறது. பழைய டாப்பெட்டைத் துடைத்து, அடிப்பக்கத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உப்பல் மிச்சமிருந்தால் இரண்டு ஓரத்திலும் கீற்றாக வெளிச்சம் தெரியும். வெளிச்சம் நடுவில் கசிந்தால் டாப்பெட் குழிந்துவிட்டது. குழிந்த டாப்பெட் சரியாகச் சுழலாது. புது லோப்பை ஒரே இடத்தில் நின்று அரைக்கும்.

‘டாப்பெட் கெட்டி, அது தேயாது’ என்ற வாதம் இந்த ஒரு சோதனையிலேயே அடிபட்டுப்போகும். ஓடி ஓடி ஒவ்வொரு டாப்பெட்டும் தன்னைத் தள்ளும் லோப்போடு மட்டும் இழைந்துபோகிறது. பழைய கேமையே திரும்பப் பூட்டும்போதுகூட, எட்டு டாப்பெட்டையும் வரிசை மாறாமல் அதனதன் குழியில் போடச் சொல்வது அதனால்தான். லோப் நல்ல நிலையில் இருந்தால் பழைய கேமுக்குப் புது டாப்பெட் போடலாம். அதைத் திருப்பிப் போட்டு, புதுக் கேமுக்குப் பழைய டாப்பெட் என்று ஆக்கக் கூடாது.

அடுத்து, ‘கொஞ்சம் தேய்ந்தாலும் டாப்பெட் செட்டிங்கில் சரிக்கட்டிவிடலாம்’ என்கிறார்கள். இதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. ஃபீலர் கேஜ் வைத்து ராக்கர் இடைவெளியைக் குறைத்தால் சத்தம் அடங்கும், உண்மை. ஆனால் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது லோப்பின் உயரம். மூக்கு மழுங்கிவிட்டால் அந்த உயரத்தை எந்த ஸ்க்ரூவும் திருப்பித் தராது. எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்த சிலிண்டரில் புகை முழுதாக வெளியேற முடியாமல், இன்லெட் வால்வு திறந்ததும் கார்புரேட்டர் பக்கமாகத் திருப்பி அடிக்கும். அதைக் கேட்டுவிட்டுப் பலர் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள்! டயல் கேஜின் முள்ளைப் புஷ் ராட் தலையில் நிறுத்தி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டோடும் ஒப்பிட்டால் எது குட்டையானது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

‘நல்ல ஆயில் ஊற்றினால் ஓட ஓடத் தானாகப் பதிந்துவிடும்’ என்பதில் பாதி உண்மை உண்டு. பதிவது முதல் சில நிமிடங்களில்தான். அதற்கும் இரண்டு முகமும் புதிதாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றில் சுமார் 20 நிமிடம் ஓட்டச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. இவ்வகை இன்ஜினில் லோப்புக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதால் வருகிறது, ஐடிலில் அது குறைவு. மேலும், மெதுவாக ஓடும்போதுதான் வால்வு ஸ்பிரிங்கின் முழுப் பலமும் லோப்பின் மூக்கில் இறங்குகிறது. கிராங்க் 2,000 சுற்றில் ஓடினால், அந்த 20 நிமிடத்தில் ஒவ்வொரு லோப்பும் தன் டாப்பெட்டை 20,000 முறை தள்ளியிருக்கும். குழிந்த டாப்பெட் இருந்தால் அத்தனை முறையும் அரைப்புதான். ஆயிலிலும் கவனம் வேண்டும். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம், புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. லோப்பைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்த துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் அதனால் குறைந்தது. விலை கூடிய புது ஆயில் என்பதாலேயே அது பழைய இன்ஜினுக்கு ஏற்றதாகிவிடாது.

கடைசியாகக் கூலி. டாப்பெட்டையும் மாற்றினால் வேலை கூடும் என்பது கணக்குப் பிழை. அம்பாஸடரில் டாப்பெட்டை வெளியே எடுக்காமல் கேமை முன்பக்கமாக உருவ முடியாது. பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து எப்படியும் எடுத்தாக வேண்டும். ஆகவே கூடுவது எட்டு டாப்பெட்டின் விலை மட்டுமே. பணம் நிஜமாகவே இடிக்கிறது என்றால், பழையவற்றின் அடிமுகத்தை அதே உப்பலோடு சாணை பிடிக்கத் தெரிந்த மெஷின் கடையில் கொடுக்கலாம்; சமமாகத் தேய்த்துத் தட்டையாக்கித் தருபவரிடம் கொடுக்கக் கூடாது. ரோலர் டாப்பெட் உள்ள இன்ஜின்களின் கதை வேறு. அங்கே உரசல் இல்லை, உருளல்தான். உருளையும் அதன் ஊசி பேரிங்கும் ஆட்டமோ சொரசொரப்போ இல்லாமல் இருந்தால், பழையதையே துடைத்துப் பூட்டலாம்.